இரண்டு துப்பாக்கியும் ஒரு தோளும்

ஒஹாயோவில் எங்கள் மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டிக்கான ஐவர் பட்டியலை அன்று மாலை ஆறு மணிக்குள் ஒட்டியாக வேண்டும். பத்தொன்பது வருடமாக அதில் மூன்றாவது பெயர் என்னுடையது. ஆனால் குளிர்காலத்தில் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, வானில் பறக்கவிடும் இருபத்தைந்து களிமண் தட்டுகளில் பதினேழைக்கூட என்னால் உடைக்க முடியவில்லை. எரிச்சல் வராமல் இருக்குமா?

என் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி தோளை இடிப்பதுதான் காரணம் என்று முடிவுகட்டினேன். தானாகவே காலித் தோட்டாவைத் துப்பும் துப்பாக்கிகள் இரண்டை இரவல் வாங்கி வந்தேன். ஒன்று வெடிப் புகையின் அழுத்தத்தில் இயங்குவது. உதை மெத்தென்று இருக்கும், உள்ளே கரி அப்பும். மற்றது உதையின் வேகத்திலேயே இயங்குவது. சுத்தமானது, எடை குறைவு, தோளுக்கு இரக்கம் காட்டாது.

மெத்தென்றதில் பதினாறு உடைத்தேன். சுத்தமானதில் பதினைந்து.

"இது முன்னால கனக்குது. அதுல தோள்ல வைக்கிற கட்டை நீளம்," என்றேன்.

எங்கள் அணித் தலைவி மார்லின் எனக்கு வலப்பக்கம் நின்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும் சூட்டோட என் கழுத்துலதான் துப்புது. வேற வித்தியாசம் எனக்குத் தெரியல."

"என் பேர எழுதிட்டியா?"

"பென்சில் இன்னும் காதுலதான் இருக்கு, கர்ட். நச்சரிச்சா எழுதிடுவேனா?"

இதை வைத்து அதை எடுத்தேன், அதை வைத்து இதை எடுத்தேன். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மார்லின் பொறுமை இழந்தாள்.

"குடு இங்க. தோட்டா நான் போட்டுத் தரேன், நீ சுடு."

ஒரு தட்டுக்கு ஒரு தோட்டாதான். குழலை ஆளில்லாத திசையில் வைத்து, எனக்கு முதுகு காட்டிப் போட்டுக் கொடுத்தாள். மூன்று சுட்டேன். நான்காவதுக்கு "விடு" என்றேன். தட்டு பறந்தது, விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் குழல் ஒரு சாண் கீழே குனிந்தது. தோள் பின்னால் ஒதுங்கியது. கண்கள் இறுக மூடியிருந்தன.

அவள் போட்டது மருந்தில்லாத போலித் தோட்டா.

"உதைக்காத துப்பாக்கிக்கே பயப்படுற," என்றாள் மெல்ல. "ஏப்ரல்லேருந்து எங்க எல்லாருக்கும் தெரியும். நீதான் துப்பாக்கிய மாத்திக்கிட்டுத் திரியுற."

வெட்கம் பிடுங்கித் தின்றது. வலி எப்போதோ போய்விட்டது. பயத்தைத்தான் நான் தோளில் சுமந்துகொண்டிருந்தேன்.

"அப்ப என் பேரு?"

"இனி எல்லாமே போலிதான். குழல் குனியாம தொடர்ந்து பத்து. அப்புறம் எழுதுறேன்."

மணி ஐந்தே கால். பின்னால் நாற்காலியில் புள்ளி குறித்த டேரல் ஒவ்வொரு தட்டுக்கும் "போச்சு" என்று கத்தினான். அது அவன் வேலை. பக்கத்து வரிசையில் சிரித்தார்கள். ஆறு தட்டு வரை போவேன், ஏழில் தோள் துள்ளும். மறுபடி ஒன்றிலிருந்து. எட்டு வரை போனேன், மறுபடி ஒன்று.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது, பத்தாவது தட்டு முழுசாகப் புல்லில் போய் விழுவதைக் கண் திறந்தே பார்த்தேன். குழல் அசையவில்லை.

"போச்சு," என்றான் டேரல்.

ஒரு தட்டுகூட உடையாத அந்தச் சுற்றுக்காக எனக்குக் கண் கலங்கியது. மார்லின் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"சனிக்கிழமை போட்டிக்கு எது கொண்டுவர்ற?" என்று கேட்டாள்.

"மெத்துன்னு இருக்கே, அது," என்றேன். " நீ கழுத்துல துண்டு கட்டிக்கிட்டு வா."