மூன்றாம் அடிக்குப் பிறகு

1

காலை பத்து நாற்பது.

நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாரிசெல்விக்கு அது தெரியாது. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கிடையாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சரம் பின்னும் அறையில் கடிகாரமும் இல்லை.

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகத் தொடங்கியது. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குக் கைவலி வராமல் தடுப்பது எப்படி, இரண்டு பக்கம், எளிய தமிழ். நான்கு வரி எழுதினேன். மணிக்கு ஐந்து நிமிடம் கைக்கு ஓய்வு கொடுங்கள். மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யாமல் மாற்றிச் செய்யுங்கள். விரல் மரத்துப்போனால் மறைக்காதீர்கள்.

நான்காம் வரியில் நின்றேன். மறைக்காமல் அவள் என்ன செய்வாள்? 'அவள்' என்று வந்ததும் துண்டறிக்கை போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: "நாரணாபுரத்தில் கிழக்கு வெளுக்கும் முன்பே கம்பெனி வேன் வந்து நின்றது. ஏறிய பெண்களின் கண்களில்..."

[கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. வெட்டு.]

இரண்டாவது: மாரிசெல்விக்கு முப்பத்து நான்கு வயது. சரம் பின்னுகிறாள். வெடிகளின் திரியை நூலோடு முறுக்கி, இழுத்து, முடிச்சிட வேண்டும். பிறகு அடுத்த வெடி. முறுக்கு, இழு, முடி. பதினொரு வருடம்.

வேலை தொடங்கி ஒரு மணி நேரத்தில் வலது கையில் மூன்று விரல் மரத்துப்போகும். உதறினால் உயிர் வரும். மறுபடி ஒரு மணி நேரம். அறையில் மொத்தம் நான்கு பேர். எதிரே உட்காருகிறவள் சின்னத்தாய், ஐம்பது வயது.

"மாரி, மணி என்னடி இருக்கும்?"

"இப்பத்தான் மரக்குது மதினி. பத்திருக்கும்."

"சாவி குடுக்க வேண்டாம், பேட்டரி வேண்டாம். இப்பிடி ஒரு கடியாரம் எங்க வீட்டு மனுசனுக்கும் வாங்கணும்."

சிரித்தார்கள். மாரிசெல்வியும் சிரித்தாள்.

3

ஒருநாள் பின்னி முடித்த சரம் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சின்னத்தாய் குனிந்து எடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் மருத்துவ முகாம். செவிலியர் பெர்சிஸ் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தூக்கத்துல எந்திரிச்சு கைய உதறுறீகளா?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா சிஸ்டர்?"

பெர்சிஸ் இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். இருபது எண்ணுவதற்குள் விரல் மரத்து, மாரிசெல்வி கைகளைப் பிரித்துவிட்டாள்.

"இப்ப கவனிச்சா கை பொழைக்கும். இன்னும் ஒரு வருசம் இப்பிடியே விட்டீகன்னா ஆபரேசன்தான். மணிக்கு அஞ்சு நிமிசம் கைய மடியில போட்டுருங்க."

"மடியில போட்டா, போர்மேன் ஏந் தலையில போடுவாரு."

(பெர்சிஸ் மேல் எனக்குச் சந்தேகம். கதையில் இவ்வளவு சரியாகப் பேசுகிற ஆள் இருக்கக் கூடாது. எடுத்துவிட்டுப் பார்த்தேன். மாரிசெல்வி மறைத்துக்கொண்டே இருந்தாள். திரும்பக் கூட்டி வந்தேன்.)

4

போர்மேன் முனியராஜைக் கெட்டவராக எழுதத் திட்டமிட்டிருந்தேன். மாரிசெல்வி போய்க் கேட்டதும் அவர் ஒத்துக்கொண்டார். அவர் மனைவிக்கும் அதே கை.

ஒருத்தி மட்டும் நிறுத்தினால் மற்ற மூவரின் வேலை தேங்கும். எல்லோரும் ஒன்றாக நிறுத்த வேண்டும். அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். ஆலையில் இருந்தது ஒரே மணி.* அதற்கு அதுவரை ஒரே பொருள்தான்: ஓடு.

முதல் நாள் பத்து மணிக்கு அடித்தார். அறைக்கு நாலு பக்கமும் கதவு; இதற்காகத்தான். முதல் அடியிலேயே ஆலை முழுக்க வெளியே நின்றது. சின்னத்தாய் வேலியோரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முனியராஜ் அவள் தெருவில் வளர்ந்தவர்.

"ஏலே முனியராசு! கைய காப்பாத்தச் சொன்னா உசுர எடுக்கியேலே!"

"ஓய்வுக்குத்தான்க்கா அடிச்சேன்."

"இம்புட்டு ஓடுன பெறகு காலுக்குல்ல ஓய்வு வேணும்!"

அன்றைக்கே முனியராஜ் விதி வகுத்தார். மூன்று அடி அடித்தால் ஓய்வு. நிற்காமல் அடித்தால் ஓட்டம்.

மாரிசெல்வி கேட்டாள். "அப்ப மூணு எண்ணி முடிக்கிற வரைக்கும் உக்காந்தே இருக்கணுமாண்ணே?"

"மூணு செகண்டுதானம்மா."

விசில் வைக்கலாமே என்கிறீர்கள். வைக்கலாம். சிவகாசிக்குப் போகும்போது வாங்கி வருவதாக முனியராஜ் சொன்னார். சீசன் வந்துவிட்டது. ஆர்டர் குவிந்தது.

* பித்தளை மணி, மரச் சுத்தி. இரும்பு கூடாது, பொறி பறக்கும்.

5

முதல் வாரம், முதல் அடிக்கு எல்லோரும் பாதி எழுந்து, மூன்று எண்ணி, உட்கார்ந்தார்கள். மூன்றாம் வாரம் தலை மட்டும் நிமிர்ந்தது. ஆறாம் வாரம் முதல் அடிக்கே கைகள் மடிக்குப் போயின.

ஓய்வு பலித்தது. இதைப் பொய்யாக எழுத முடியாது. மாரிசெல்வி கையை உதறுவதில்லை. பல் விளக்கும்போது பிரஷ் நழுவுவதில்லை. விரல்கள் மரப்பதில்லை.

அதனால் இன்று, பத்து மணி ஓய்வு முடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. புது அளவுச் சரம். எத்தனை பின்னினோம் என்பதை வைத்தும் சொல்ல முடியாது. நல்ல கைக்கு நேரம் தெரியாது.

அடுத்த ஓய்வு பதினொன்றுக்கு. இப்போது பத்து நாற்பது.

மணி மூன்று முறை அடித்தது.

6

முடிவு அ: லோடு ஏற்ற லாரி வந்துவிட்டது. முனியராஜ் இருபது நிமிடம் முன்னதாகவே ஓய்வு மணி அடித்துவிட்டுப் போகிறார். நான்காம் அடி இல்லை. கதை மறுபடி துண்டறிக்கை ஆகிறது. நண்பர் மகிழ்வார்.

முடிவு ஆ: நான்காம் அடி விழுகிறது. மருந்து கலக்கும் அறைப் பக்கமிருந்து முதலில் ஒரு

[எழுத மாட்டேன்.]

முடிவு இ: மாரிசெல்வி எழுந்து ஓடுகிறாள். மூவரும் பின்னால் ஓடுகிறார்கள். வெளியே ஒன்றுமில்லை. லாரிக்காரர் சிரிக்கிறார். முனியராஜ் மணியைக் கழற்றி அலுவலகத்தில் வைத்து, "ஓய்வும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம்" என்கிறார். ஒரு மாதத்தில் அவள் விரல்கள் மறுபடி மரக்கின்றன. அடுத்த சரம் நழுவுகிறது.

மூன்றில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஓய்வைக் கேட்டு வாங்கியவள் மாரிசெல்வி. அதனால் மற்ற மூவரும் உங்களையோ என்னையோ பார்க்கவில்லை, அவளைத்தான் பார்க்கிறார்கள்.

7

இவ்வளவு நான் பேசியதும் ஒரு நொடிக்குள். பித்தளையின் அதிர்வு இன்னும் அடங்கவில்லை. மாரிசெல்வியின் கைகள் மடியில். வலது கையை மூடித் திறக்கிறாள். ஐந்து விரலிலும் உணர்ச்சி இருக்கிறது.

"மாரி," என்கிறாள் சின்னத்தாய், பாதி எழுந்தபடி. "மணி என்னடி இருக்கும்? ஒங் கை மரத்திருக்கா, இல்லையா?"