ஒரு சுண்டு தவிடு

மதுசனின் விலை ஒரு சுண்டு தவிடு. பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என் கடையில் இன்றைக்குத் தவிடு கிலோ தொண்ணூறு ரூபா. பால் டின்னளவு கொள்ளும் சுண்டால் அள்ளினால் பத்து ரூபாவுக்கும் வராது. பாத்திரத்தை நிறைத்துவிட்டுத் தராசை ஏமாற்றுகிற சரக்கு அது. ஆக, ஒன்பது வயசுப் பையன், கணக்கில் கெட்டிக்காரன், முன்பல் ஒன்று பாதி உடைந்தவன், பத்து ரூபாவுக்குள். என் வாப்பா உயிரோடு இருந்திருந்தால், "பல்லைக் காட்டி இன்னும் கொஞ்சம் குறைச்சிருக்கலாமே மஷூர்" என்றிருப்பார்.

இந்த வியாபாரம் என் கடையில் நடக்கவில்லை. மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நடந்தது. ஷாமிளாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டன. மூன்றாவதாக மதுசன் பிறந்ததும் அவர்கள் வழக்கப்படி அவனைத் தவிட்டுக்கு விற்றார்கள். பெற்றவளிடம் தங்காத பிள்ளை இன்னொருத்தி பிள்ளையாகிவிட்டால், தேடி வருகிற சாவு வீடு மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போய்விடும் என்பது நம்பிக்கை. ஷாமிளாவின் அக்கா ஜீவராணி ஒரு சுண்டு தவிட்டைக் கொண்டுவந்து வாசற்படியில் இருந்த சுளகில் கொட்டினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் அதே வரிசையில் இருந்த தன் காம்பராவுக்குப் போனாள்.

பெரும்பாலும் இது ஒரு பொழுதுச் சடங்கு. விற்ற பிள்ளை அன்று மாலையே பெற்றவள் மடியில் பால் குடிக்கும். மதுசனும் அப்படித்தான் குடித்தான். பிறகு அவன் அப்பன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஷாமிளா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். பையன் நிஜமாகவே ஜீவராணியின் பிள்ளையானான். அவளைத்தான் அம்மா என்கிறான். போனில் வந்து அழுகிறவளைச் சின்னம்மா என்கிறான்.

இனி மாகாணத்துக்கு வருவோம். சப்ரகமுவ மாகாணம் முழுவதிலும் உறவுக்காரப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கும் தத்தெடுத்த குடும்பங்களுக்கும் ஆதரவுச் சேவைகளைத் திட்டமிடுவதற்கென்று ஒரு குழு போட்டிருந்தார்கள். குழுவின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிளேன்டீ ஆறிவிடும். அதில் நான் வர்த்தகப் பிரதிநிதி. அதாவது, கூட்டத்துக்கு டீயும் பெட்டிஸும் யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு நான்தான் பதில்.

குழுவில் கெட்டவர் ஒருவரும் இல்லை, எரிச்சலே அதுதான். தலைவர் விஜேகோன் தங்கமான மனுஷர். எதைச் சொன்னாலும் சிங்களத்தில் சரி போட்டு, "ஹரி, ஹரி, மிக நல்ல கருத்து" என்று எழுதிக்கொள்வார். வளர்ப்பவர்களுக்குக் களைப்பு அதிகம், ஒரு ஓய்வு நாள் கொடுக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. இடம் கித்துல்கல. கிழமை புதன். களனி ஆற்றில் படகுச் சவாரியும் உண்டு.

"மாத்தயா, புதன்கிழமை கொழுந்து எடுக்கப் போகாட்டித் தோட்டத்தில அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாட்டிச் சம்பளம் இல்ல. சம்பளத்தை விட்டுட்டு யாரு படகுல போவா?" என்று கேட்டேன்.

"மிக நல்ல கருத்து" என்றார். எழுதிக்கொண்டார். ஓய்வு நாள் வியாழனுக்கு மாறியது.

அவசரத்துக்கு ஒரு தொலைபேசி இலக்கமும் வந்தது. தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். சிங்களத்திலேயே, முன்னைவிட மரியாதையாக, காத்திருக்கச் சொன்னது.

இத்தனைக்கும் நடுவில் உருப்படியாக ஒன்று இருந்தது. வளர்ப்பவர்களுக்கு மாதம் ஒரு உதவித்தொகை. அதற்குப் பதிவு செய்ய பலாங்கொடை மண்டபத்தில் ஒரு நாள் வைத்தார்கள். மதுசனுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்க வழியில்லை என்று ஜீவராணி என் கடையில் புலம்பியது நினைவு வந்து, நான்தான் அவளை வரச் சொன்னேன். "உள்ளத உள்ளபடி சொல்லு, மத்தத அவங்க பாத்துக்குவாங்க" என்றேன். அரை நூற்றாண்டாக வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் வாயில் இப்படி ஒரு யோசனை எப்படி வந்ததென்று இன்னும் தெரியவில்லை.

பதிவு மேசையில் கோபிகா இருந்தாள். பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளை, புதிதாக மாற்றலாகி வந்த உத்தியோகத்தர். கையில் தொடுதிரை டேப்.

"பிள்ளை உங்களிட்ட எப்பிடி வந்தவர்?"

"தவிட்டுக்கு வாங்குனேங்க மிஸ்."

"பகிடி வேண்டாம் அம்மா. சொல்லுங்கோ."

"பகிடி எல்லாம் இல்லீங்க. ஒரு சுண்டு. தலை தட்டாம கூம்பாவே குடுத்தேன்."

'பிள்ளைக்காகப் பணமோ பொருளோ கொடுக்கப்பட்டதா?' என்று ஒரு கேள்வி அந்த டேப்பில் இருந்தது. கோபிகா மூன்று தடவை கேட்டாள். ஜீவராணி மூன்று தடவையும் ஆமாம் என்றாள். திரை சிவந்தது. சிவந்தால் பின்னால் போக முடியாதபடி அதைச் செய்திருந்தார்கள்.

கோபிகா என்னிடம் ஓடி வந்தாள். "சிவப்பு விழுந்திட்டுது மஷூர் நானா. பிள்ளை விற்பனை எண்டு போட்டுட்டுது. விசாரணை முடியுமட்டும் பிள்ளையை ரத்தினபுரியில சிறுவர் இல்லத்தில விட வேணுமாம்."

"ஏம்மா, இல்லத்தில இருக்கிற பிள்ளைகளச் சொந்தக்காரங்ககிட்ட அனுப்பத்தானே நாம திட்டம் போடுறோம்?"

"அது ரெண்டாம் கட்டம், நானா."

"உங்க பக்கம் இந்தத் தவிட்டுக் கதை இல்லையா?"

"இருக்கு. அம்மா என்னையும் தவிட்டுக்கு வாங்கினதெண்டு நெடுகச் சொல்லுறவ. அது பகிடி. இவ பகிடி இல்லையெண்டு சத்தியம் பண்ணுறா. அளவும் சொல்லுறா!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நானே சிவப்பாக்கினன். நானே போய்ப் பிள்ளையைக் கூட்டிவர வேணும்."

ஒரு வழி இருந்தது. அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கவே இல்லை என்று ஜீவராணி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் தலைவர் சிவப்பை எடுத்துவிடலாம். அடுத்த கூட்டம் திங்கட்கிழமை. அதற்குள் தர வேண்டும், இல்லாவிட்டால் அன்றே வண்டி தோட்டத்துக்கு ஏறும்.

நானே எழுதினேன். சனிக்கிழமை சாமான் வாங்க வந்தவளிடம் பேனாவையும் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். பேனாவை அரிசி மூட்டையின் மேல் வைத்தாள்.

"நடந்தத நடக்கலைன்னு எழுதியிருக்கீங்களே, நானா."

"எழுத்து அவங்களுக்கு. நடந்தது உனக்கு. போடு."

"நீங்க வித்த அரிசிய விக்கலைன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

"வரிக்காரன் கேட்டாப் போடுவேன்."

"உங்க அரிசி சாகாது, நானா."

கடைப் பையன்கூட மூட்டையை இறக்காமல் நின்றான்.

"நான் வாங்கலைன்னா அவன் அவ பிள்ள" என்றாள் ஜீவராணி. "அவ பிள்ளைங்க தங்குறதில்ல. ரெண்டையும் இந்தக் கையாலதான் துணி சுத்திக் குடுத்தேன்."

"அவனுக்கு ஒன்பது வயசாச்சு ராணி. டெங்கு வந்துச்சு, பாலத்துல இருந்து விழுந்தான், லயத்துக்குள்ள வந்த பாம்பை வாலைப் புடிச்சுத் தூக்கினான். இவ்வளவுக்கும் தப்பினவன் ஒரு கையெழுத்துலயா போவான்?"

"இவ்வளவுக்கும் எதால தப்புனான்னு நெனைக்கிறீங்க?"

விலை பேசத் தெரிந்தவர்களுக்கு எதிரே நின்று பழகியவன் நான். மாணிக்கத் தரகர்கள், மாட்டு வியாபாரிகள், கடனைக் கேட்டால் காது கேளாமல் போகிற கபூர் ஹாஜியார் எல்லோரையும் சமாளித்திருக்கிறேன். இவளிடம் குறைக்க ஒன்றுமே இல்லை.

"போடாட்டி ரத்தினபுரிக்குக் கொண்டுபோயிருவாங்க" என்றேன்.

"போட்டா எங்க கொண்டுபோவாங்கன்னு எனக்குத் தெரியும்." சீனியும் பருப்பும் வாங்கிக்கொண்டு, கடிதத்தை விட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் கடைசி விஷயமாக இதை எடுத்தார்கள். ஜீவராணி அரை நாள் வேலையை விட்டு வந்து கதவோரம் நின்றாள். வெளியே ஒரு வெள்ளை வேன். மொழிபெயர்ப்பாளர் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்ததால் அந்த வேலையும் பெட்டிஸ் கொண்டுவந்தவன் தலையில் விழுந்தது.

பெற்றவளை விசாரிக்காமல் முடிவெடுக்க முடியாது என்று தலைவர் சொன்னதால் குவைத்துக்கு வீடியோவில் பேசினோம். ஷாமிளா சமையலறையில் ஒளிந்து நின்று பேசினாள். அவளாவது விவரமாக இருப்பாள் என்று நம்பினேன்.

"பிள்ளைய வித்தியான்னு கேக்குறாரு" என்றேன். 'இல்லை என்று சொல்லேன்' என்று கண்ணால் கெஞ்சினேன்.

"வித்தேங்க" என்றாள் ஷாமிளா. "இல்லைன்னு சொன்னா அவனுக்கு ஆகாது."

"எவ்வளவுக்கு?"

"ஒரு சுண்டு தவிடு. அக்கா கூம்பாக் குடுத்தேன்னு சொல்லியிருப்பா. பொய். தலை தட்டித்தான் குடுத்தா."

கதவோரம் நின்றவள் பாய்ந்து வந்தாள். "அடிப் பாவி! கூம்பாத்தான்டி குடுத்தேன்!"

"சொளகுல கொட்டுறப்பப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்?"

"பிள்ளப் பெத்தவ படுத்துக்கெடந்தியா, சொளகப் பாத்தியா?"

"என்ன சண்டை?" என்று தலைவர் சிங்களத்தில் கேட்டார்.

"அளவைப் பற்றி, மாத்தயா."

"அப்படியென்றால் விற்றதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை."

"இல்லை" என்றேன். வேன் சாரதி எட்டிப் பார்த்தான். கோபிகா டேப்பைக் கவிழ்த்து வைத்திருந்தாள். என் பொறுமை போய்விட்டது. எங்கள் தொழிலில் வாங்கினவனும் விற்றவனும் அளவில் சண்டை போட்டால் முதலில் சரக்கு இப்போது எங்கே என்று கேட்போம். வேறு ஒன்றும் தோன்றாமல் அதையே கேட்டேன்.

"ஷாமிளா, அந்தத் தவிடு எங்க போச்சு? நீ தின்னியா, வித்தியா?"

"என்னா நானா இப்படிக் கேக்குறீங்க?" அவளுக்கு அதிர்ச்சி. "பெத்தவ அதத் தொடவே கூடாது. தொட்டா வித்தது செல்லாது. கங்காணி வீட்டு மாட்டுக்குத்தான் வச்சாங்க."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். ஜீவராணியும் தலையாட்டினாள். இதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று.

"மாத்தயா, உங்கள் விதியை வாசியுங்கள்" என்றேன்.

பணமோ பயனோ பெற்றுக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தால் விற்பனை என்று வாசித்தார்.

"இவர்கள் விதியும் அதுதான். கொடுத்தவள் ஒரு பருக்கை பயன் அடைந்தாலும் செல்லாது. உங்கள் விதியைவிடக் கெடுபிடி. பயன் பெற்றது மாடு. மாட்டைப் பிடித்து இல்லத்தில் விடுங்கள்."

விஜேகோன் என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஹரி, ஹரி. இதுதான் இன்றைக்கு வந்த முதல் நல்ல கருத்து." பிரதிபலன் எவரும் பெறவில்லை என்று எழுதச் சொன்னார். விற்றதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஜீவராணி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

கோபிகா டேப்பை நிமிர்த்தினாள். "பயன் பெற்றவர்: மாடு" என்று அடித்தாள். அடையாள அட்டை இலக்கம் கேட்டது. இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டது.

"ஐயோ, அது எப்பவோ செத்துப்போச்சுங்க மிஸ்" என்றாள் ஜீவராணி.

திரை பச்சையானது. வேன் வெறுமையாகத் திரும்பிப் போனது.

"அப்ப உதவித்தொகை?" என்று கேட்டேன்.

கோபிகா திரையைக் காட்டினாள். கைமாற்றிக் கொடுத்த பிள்ளை என்பதால் 'உறவினர் வளர்ப்பு' இல்லை. நீதிமன்றக் கட்டளை இல்லாததால் 'தத்து' இல்லை. திட்டத்தில் இரண்டே பெட்டிதான். மதுசன் இரண்டுக்கும் நடுவில் இருந்தான்.

"மூண்டாவது பெட்டி ஒண்டு போடச் சொல்லி நான் எழுதுறன் நானா" என்றாள். "அடுத்த வருசத் திட்டத்தில."

ஜீவராணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "பிள்ள என்கிட்டதான?"

"உன்கிட்டதான்."

"அப்ப நான் கெளம்புறேன். பகல் பஸ்ஸப் புடிச்சா அந்திக் கொழுந்து நிறுவைக்காவது போயிருவேன், அரைப்பேராச்சும் விழும்."

போனாள். அன்றன்றைய கணக்கை முடிக்காமல் எனக்குக் கடை சாத்திப் பழக்கமில்லை. அன்று இரும்புக் கதவை இழுக்கும்போது மனசுக்குள் போட்ட கணக்கு இது.

வரவு: மதுசன், வீட்டில்.

செலவு: ஜீவராணிக்கு அரைப்பேர். ஷாமிளாவுக்குச் சமையலறையில் பேசியதற்கு எஜமானியிடம் ஏச்சு. எனக்கு இருபத்திரண்டு பெட்டிஸ்.

மாகாணம் தர வேண்டியது: மாத உதவித்தொகை, தமிழ் பேசுகிற ஒரு தொலைபேசி, ஒரு பெட்டி, பையனுக்கு ஒரு சோடி சப்பாத்து.

தங்கை சொல்கிறபடி அக்கா தர வேண்டியது: கூம்புக்கும் தலைதட்டலுக்கும் இடையில் உள்ள ஒரு கைப்பிடித் தவிடு. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நிலுவையில் நிற்கிறது.