ஓட்டை இருந்தால் நல்லது

“நேத்துதான்ட்டி டேங்க் நெறையப் போட்டேன்—”

“நேத்து எங்க போனீக? சேர்ல சாஞ்சுக்கிட்டு டி.வி. பாத்தீக—”

“வாய் வரைக்கும் போட்டேன். பங்க்காரப் பய போதும் போதும்ங்கான், நான்தான் இன்னுங் கொஞ்சம்லேன்னு—”

“எந்தப் பங்க்ல?”

“நம்ம போடுத பங்க்ல.”

“அங்கதான் தோண்டிப் போட்டு வேலை நடக்கே. கயிறு கட்டி மறிச்சு வச்சிருக்கான்.”

“அதுக்கு அந்தால ஒண்ணு இருக்குல்லா, அதுல. போட்ட பெட்ரோல் எங்க போச்சுன்னு கேக்கேன், நீ பங்க் பேரக் கேட்டுக்கிட்டிருக்க.”

“போட்டிருந்தா ஏன் நடுரோட்டுல நிக்கு?”

நின்றுதான் போயிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில், பாதி வழியில், ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மறுபக்கம் மில் காம்பவுண்டுச் சுவருமாக இருந்த இடத்தில், எங்கள் வெள்ளை மாருதி ரெண்டு தடவை இருமிவிட்டு ஓய்ந்துவிட்டது. நான் பட்டுச்சேலை கட்டி, மடியில் எவர்சில்வர் குத்துவிளக்குப் பார்சலோடு உட்கார்ந்திருந்தேன். அவருடன் மில்லில் வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் போய்விட்டது, பந்தியாவது கிடைக்கும் என்று கிளம்பியிருந்தோம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் தீர்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டி, “பெருசு, வண்டிய மியூசியத்துல விட்டுருங்க!” என்று சொல்லிவிட்டுப் போனான்.

“ஒன் வண்டிய மொதல்ல கழுவுலே!” என்றார் இவர்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், குருசாமி. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் மகள் பொன்மணி பத்தாவது படிக்கும்போது வாங்கிய கார் இது. வேறு யாரும் இதன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டது, கிலோமீட்டர் காட்டுகிற சக்கரமும் சுற்றுவதில்லை. “மனசுல கணக்கு இருக்கு” என்பார். இத்தனை வருஷமும் அந்த மனசு சரியாகத்தான் இருந்தது. வழியில் ஒரு நாளும் நின்றதில்லை. இந்தச் சித்திரைக்குப் பிறகுதான் இப்படி. ஒரு தடவை கூமாப்பட்டி போகிற வழியில் நின்றது, ஒரு தடவை எங்கள் தெருமுனையிலேயே. ஒவ்வொரு தடவையும் இதே சண்டை. நேத்துதான் நெறையப் போட்டேன் என்பார், நீங்க போகவே இல்லை என்பேன்.

போகவே இல்லை என்று நான் சத்தமாகச் சொல்கிறேனே தவிர, சத்தியம் பண்ணச் சொன்னால் மாட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் நான் கண்ணயர்ந்துவிடுவேன். எழுந்திருக்கும்போது அவர் அதே சேரில் அதே மாதிரி இருப்பார். நடுவில் போய்விட்டு வந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? ரசீது வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. கார் நிற்கிற கொட்டகையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். “டேங்க் ஒழுகுது, மோந்து பாருட்டி” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். நானும் குனிந்து மூச்சை இழுத்துப் பார்ப்பேன். கொரோனாக் காய்ச்சலில் போன என் மூக்கு இன்னும் திரும்பி வரவில்லை. பருப்பு அடிப்பிடித்தாலும் புகையைக் கண்டுதான் ஓடுகிறேன். பக்கத்து வீட்டு வேல்பாண்டியைக் கேட்டேன். “அடிக்கிற மாதிரியும் இருக்கு அத்தை, அடிக்காத மாதிரியும் இருக்கு” என்றான். அவன் எதற்குமே அப்படித்தான் சொல்வான்.

மறதி என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியவில்லை. கான்சாபுரத்து மச்சான் இறந்ததற்குப் போய் மாலை போட்டு, காடு வரைக்கும் நடந்து வந்தவர், அந்த வாரமே சட்டையை மாட்டிக்கொண்டு, “மச்சானப் பாத்து நாளாச்சு, ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்” என்றார். நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். என் முகத்தைப் பார்த்தவர் உடனே சிரித்தார். “வெளாட்டுக்குச் சொன்னேன், பயந்துட்டியா?” என்றார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் விளையாடுகிறவர். எழவு வீட்டில்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவார். அதனால் அது விளையாட்டா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சட்டையைக் கழற்ற அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது, அது மட்டும் தெரியும்.

இதைப் பொன்மணியிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து தினமும் போன் பண்ணுகிறாள். இப்போதும் நடுரோட்டில் நிற்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டாள்.

“திரும்ப நின்னுருச்சாம்மா? அப்பா என்ன சொல்றாங்க?”

“டேங்க் ஒழுகுதுங்கார்.”

“இன்னைக்கே ஞானதுரை அண்ணன்கிட்ட டேங்கைக் கழட்டிப் பாக்கச் சொல்லு. ஓட்டை இருந்தா சரி, நான் வாயத் தொறக்க மாட்டேன். ஓட்டை இல்லன்னா ஞாயித்துக்கெழமை வாரேன், சாவிய எங்கிட்ட குடுத்துரணும். வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. ரோட்டுல யார் மேலயாவது ஏத்திட்டா என்னம்மா பண்ணுவ?”

“யாரு, மகளா?” என்றார் இவர். “நல்லாருக்கேன்னு சொல்லு.”

“நல்லாருக்காங்களாம்” என்றேன்.

ஞானதுரை பைக்கில் ஒரு பாட்டில் பெட்ரோலோடு வந்தான். ராஜபாளையத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். எங்கள் காரை அவன் அப்பா காலத்திலிருந்து பார்க்கிறார்கள். பெட்ரோலை ஊற்றியதும் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. கல்யாண மண்டபத்தைத் தாண்டித்தான் ஒர்க் ஷாப் போகணும். வாசலில் வாழைமரம் ஆடிக்கொண்டிருந்தது. “சாப்பிட்டுட்டுப் போவமா?” என்றார். “மொதல்ல டேங்கப் பாப்போம்” என்றேன். “பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ஒர்க் ஷாப்புக்கு வார மொத ஆளு நீதான்” என்றார்.

ஞானதுரை காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தான்.

“காஞ்சு கெடக்கு அண்ணாச்சி. ஒழுகின தடமே இல்லியே. தூசிதான் அப்பியிருக்கு.”

“இப்ப எப்படி ஒழுகும்? பாட்டில் பெட்ரோல் அடியில கெடக்கு. ஓட்டை மேல் தையல்ல, ரெண்டு தகரமும் சேருத எடத்துல இருக்கு. நெறையப் போட்டாத்தான் ஒழுகும்.”

“மேல உள்ளது மட்டுந்தான அப்படிப் போகும்? மிச்சம் எங்க போகும்?”

“கல்லு ரோட்டுல ஆடும்லே. ஆடுனா தையல் வாயத் தொறக்கும். நீ கழட்டு, காட்டுதேன்.”

எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார். இப்படிப் பேசுகிற ஒருத்தர் போடாத பெட்ரோலைப் போட்டதாக நினைப்பாரா என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அடுத்த நிமிஷமே, மிச்சம் எங்க போகும் என்று ஞானதுரை கேட்டதற்கு இது சரியான பதில்தானா என்று குழப்பம் வந்தது. எனக்கு மிஷின் தெரியாது. ஞானதுரை தலையை ஆட்டினான். பெரியவர் சொல்கிறாரே என்று ஆட்டினானோ, சரியென்று ஆட்டினானோ.

டேங்கைக் கழற்றப் பின் சீட்டைத் தூக்க வேண்டியிருந்தது. இறுகிப்போன போல்ட்டுகள். ஞானதுரை எண்ணெய் விட்டுத் தட்டிக்கொண்டிருக்க, நாங்கள் வாசலில் கிடந்த பழைய கார் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

“நான் போட்டேன்ட்டி” என்றார் மெதுவாக. சண்டைக் குரல் இல்லை. “பங்க்காரப் பய சட்டையில நடு பட்டன் இல்ல. ஊக்கு குத்தியிருந்தான். ஒரு பட்டன் தைக்க ஆளில்லியாலேன்னு கேட்டேன், சிரிச்சான். அதுகூட அப்படியே இருக்கு.”

“எப்ப?”

“நேத்து.”

எதிரே போகிற மினி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பி மறைந்த பிறகு கேட்டார்.

“நேத்துத்தான?”

குத்துவிளக்குப் பார்சலின் சரிகைத் தாளை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து முகம் கழுவக் குழாயடிக்குப் போனதும், நான் விறுவிறுவென்று உள்ளே போய்க் குனிந்தேன்.

“தம்பி, ஓட்டை இருக்குன்னு சொல்லிரு.”

ஞானதுரை காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். “பாக்குறதுக்கு முன்னாடியேவாக்கா?”

“இருந்தாலும் சொல்லு, இல்லன்னாலும் சொல்லு. வேற டேங்க் மாட்டிரு.”

“மாட்டுறதுக்கென்ன. மதுரையில பழைய சாமான் கடையில சொல்லி வச்சா வந்துரும். ஆனா அண்ணாச்சி பக்கத்துல நின்னு பாக்காம விடுவாரா? எங்கப்பாவுக்கே கார்பரேட்டர் கழட்டச் சொல்லிக் குடுத்தவரு. அவருகிட்டப் போயி…” முடிக்காமல் ஸ்பேனரைத் திருப்பினான். கொஞ்சம் கழித்து, “கர்த்தர் புண்ணியத்துல இருக்கட்டும்க்கா” என்றான். ஓட்டை இருப்பதற்காக ஒருத்தர் சாமியை வேண்டுவதை அன்றைக்குத்தான் கேட்டேன். நான் எங்கள் மாரியம்மனிடம் அதற்கு முன்னாலேயே வேண்டியாகிவிட்டது.

டேங்க் இறங்கியது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. கறுப்பாக, நசுங்கிய தகரப் பெட்டி மாதிரி. இதற்குள் இருந்ததை வைத்துக்கொண்டா இத்தனை ஊர் சுற்றினோம் என்றிருந்தது. மிச்சமிருந்த பெட்ரோலை வடித்து, தண்ணீர் விட்டு அலசி, துவாரங்களையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தான். ஒன்றில் மட்டும் காற்றுக் குழாயைச் சொருகினான். பக்கத்துப் பஞ்சர் கடையில் பெரிய தொட்டி இருந்தது. லாரி டியூப் முக்கிப் பார்க்கிற தொட்டி. அதில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டேங்கை முக்கினார்கள். இவர் வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கை முட்டி வரைக்கும் தண்ணீரில் விட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்.

“காத்த மெதுவா விடுலே. உப்பிரும்.”

“தெரியும் அண்ணாச்சி.”

குமிழிகள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “வருதே! வருதே!” என்றேன்.

“அது இல்லக்கா” என்றான் ஞானதுரை. “தகரத்துல ஒட்டிக்கிட்டிருந்த காத்து அது. மொதல்ல அப்படித்தான் வரும். அதக் கணக்குல சேக்கக் கூடாது. ஒரே எடத்துலருந்து விடாம வந்தாத்தான் ஓட்டை.”

“ஆமா” என்றார் இவரும். “ஒத்தக் குமிழி கணக்கு இல்ல.”

கொத்துகள் குறைந்தன. பிறகு நின்றன. அடிப்பக்கம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இடது பக்கம், வலது பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். மூலைகளில் கையால் தடவி, ஒட்டியிருந்த காற்றையும் துடைத்துவிட்டார் இவர். பஞ்சர் கடைக்காரர் பீடியைப் பற்ற வைக்கப்போனவர், பெட்ரோல் டேங்க் என்று நினைவு வந்து சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். என் கைப்பைக்குள் போன் அடித்தது. யார் என்று எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அடித்து ஓய்ந்தது.

ஞானதுரை காற்றுக் குழாயை மூடக் கையைக் கொண்டுபோனான்.

“செத்த நேரம் இருலே. மேல் தையல இன்னொரு தடவ பாப்போம்.”

“பாத்துட்டமே அண்ணாச்சி.”

“இருலேன்னு சொல்லுதேன்.”

டேங்கை மறுபடி நிமிர்த்தி அமுக்கினார். அவர் தாடை தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தார். கலங்கிய தண்ணீர் மெல்லத் தெளிந்தது. தையல் ஓடுகிற கோடு தெரிந்தது, அதன் மேல் அவருடைய ரெண்டு பெருவிரலும் தெரிந்தன. கல்யாண வீட்டு நாதஸ்வரம் ஸ்பீக்கரில் எங்கேயோ கேட்டது. அந்தக் கோட்டின் ஓரத்தில், அவர் பெருவிரலுக்குப் பக்கத்தில், கடுகு மாதிரி ஒரு குமிழி கிளம்பியது. மேலே வந்து தண்ணீர் மேல் செத்த நேரம் உட்கார்ந்திருந்து, உடைந்தது.

அடுத்ததற்காகக் காத்திருந்தோம். தண்ணீர் அசையவில்லை. ஞானதுரை தொட்டியைவிட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். இவர் இன்னும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பெருவிரலைக்கூட எடுக்கவில்லை.

“ஏட்டி, நீ பாத்தேல்ல?”