தூதரகத்தில் ஒரு குறட்டை

நான் வேலை பார்த்த தூதரகத்தின் வர்த்தகப் பிரிவைப் போல அமைதியான இடம் பூமியில் கிடையாது. என் தொலைபேசிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை பின்னி, குடும்பம் நடத்தி, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டது. மணி அடித்தால்தானே அதற்குத் தொந்தரவு! நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக என் மனைவி சொல்வாள். அவள் அந்தச் சிலந்தியைப் பார்த்ததில்லை.

எங்கள் நாடு பொருளாதார நெருக்கடியில் குப்புற விழுந்து, மெல்ல எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த சமயம் அது. வெளிநாட்டில் நாலு பேர் நம் சரக்கை வாங்கினால்தான் ஊரில் பட்டறைகள் ஓடும் என்ற நிலை. அதற்காக நாங்கள் செய்த மாபெரும் சேவை, வருடத்துக்கு ஒரு வர்த்தக நாள். தூதர் பேசுவார். பேச்சை எழுதுவது நான். போன வருடப் பேச்சில் வருடத்தை மட்டும் மாற்றுவேன். பிறகு ஆளுக்கொரு பளபளப்பான கையேடு. மிஞ்சிய கையேடுகளை மூலையில் அடுக்கி அடுக்கி, அலுவலகக் கூரையே ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது.

அப்போதுதான் புதிய வர்த்தக அதிகாரி வந்து சேர்ந்தார். அவர் நடக்கிற வேகத்தைப் பார்த்து ‘மின்னல்’ என்று பெயர் வைத்தேன். வந்த அன்றே என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“சார், இந்த வர்த்தக நாளால யாருக்காவது வியாபாரம் நடந்திருக்கா?”

“வியாபாரம் தெரியாது மேடம். டீ அமோகமா நடந்திருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “இந்த வருஷம் வாங்க வர்றவங்க சரக்கைத் தொடணும், எடுத்துப் பயன்படுத்தணும். மாதிரிச் சரக்கை வெச்சிருக்கிற கண்ணாடி அலமாரியைத் திறங்க.”

சாவி வரவேற்பு அதிகாரியிடம் இருந்தது. அவர் சட்டைக்குப் போடும் கஞ்சியில் காலர் அரிவாள்மணையாகிவிடும், காயே நறுக்கலாம். கஞ்சிக்காலர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். “மாதிரியைத் தொட்டா அழுக்காகும்” என்பது அவர் கொள்கை. மூன்று தூதர்கள் மாறியும் மாறாத கொள்கை. மின்னல் கேட்டதும் சாவியைப் பிரிய மனமில்லாமல், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி நீட்டினார்.

அந்த வருடம் ஊரிலிருந்து வந்த வியாபாரிகளில் ரப்பர் மெத்தை செய்கிற ஓர் அம்மாளும் இருந்தார். நாங்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம். நெருக்கடியில் மூடிய பட்டறையைப் பாதி ஆட்களோடு திறந்திருந்தார். இருந்த ஒரே உள்ளூர் வாடிக்கைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

“இங்க ஒரு ஆர்டர் கிடைக்கலேன்னா மெஷினை நிறுத்திடணும் தம்பி,” என்றார் என்னிடம். ஓய்வுபெற மூன்று மாதமே இருந்த என்னைத் தம்பி என்றதற்காகவே நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன். “இருக்கிற ஆளுங்களும் பொழைப்பு தேடி வேற ஊருக்குப் போயிடுவாங்க. கை பழகின ஆளு போனா போனதுதான்.”

அவர் குறிவைத்தது ஒரே ஒருவரை. ஊர் ஊராக ஓட்டல் நடத்தும் பெரிய நிறுவனத்துக்குச் சாமான் வாங்குகிறவர். அவரிடம் பேச வேண்டியதை அக்கா இரண்டு வாரமாக மனப்பாடம் செய்திருந்தார்.

மெத்தையைக் கூட்ட அறையை ஒட்டிய சின்ன அறையில் விரித்தோம். ஓட்டல்காரர் இரவெல்லாம் விமானத்தில் வந்த களைப்போடு உள்ளே வந்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள். அவற்றில் ஒரு வாரத் துணியே வைக்கலாம். அக்கா பேச வாயைத் திறப்பதற்குள் மின்னல் மெத்தையைக் காட்டி, “முதல்ல படுத்துப் பாருங்க,” என்று அவர் மொழியில் சொல்லிவிட்டார். மனிதர் தயங்கினார், செருப்பைக் கழற்றினார், சாய்ந்தார். இரண்டே நிமிடம் என்று விரலைக் காட்டினார். அந்த விரல் இறங்குவதற்குள் குறட்டை.

குறட்டையா அது! கொடிக்கம்பத்தில் கொடி காற்றில்லாமலே ஆடியது.

கஞ்சிக்காலர் ஓடி வந்தார். “முன்வரிசை நாற்காலி காலியா இருக்கு! தூதர் பேச ஆரம்பிக்கணும். எழுப்புங்க!”

“எழுப்புங்கம்மா,” என்றார் அக்காவும். முகம் வெளுத்துவிட்டது. “மத்தியானம் அவருக்கு வேற இடத்துல வேலையாம். தூங்கி எழுந்து அப்படியே போயிட்டா? நான் ஒரு வார்த்தைகூடப் பேசலியே!”

“அக்கா, நீங்க பேச வந்ததைத்தான் மெத்தை அவர் முதுகுகிட்ட பேசிட்டிருக்கு,” என்றார் மின்னல். “ஆனா முடிவு உங்களோடது. எழுப்பணும்னா சொல்லுங்க, நானே எழுப்புறேன்.”

அக்கா கதவருகே நின்று தூங்குகிறவரைப் பார்த்தார். புடவைத் தலைப்பை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார்.

“வேண்டாம். என் மெத்தையில தூங்குற மனுஷனை நானே எழுப்பினா, அப்புறம் நான் என்ன மெத்தைக்காரி?”

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். யானைப்படை வந்தாலும் அந்த வாசலைத் தாண்டியிருக்காது.

நடுவில் இருந்தது பலகைச் சுவர். ஒலிபெருக்கியில் தும்மினாலும் அந்தப் பக்கம் கேட்கும். ஆகவே ஒலிபெருக்கியை நிறுத்தினோம். எங்கள் தூதர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திச் சிரித்தார். என் அருமையான பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “எல்லாரும் வந்ததுக்கு நன்றி. மெதுவா பேசிக்குங்க,” என்று கிசுகிசுத்தார். பார்வையாளர்கள் விரல் நுனியால் கைதட்டினார்கள்.

பிறகு நடந்ததை எந்த அறிக்கையிலும் நான் எழுத முடியவில்லை. சத்தம் போடக் கூடாது என்பதால், காது கேட்க வேண்டுமே என்று வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் நாற்காலியை நெருக்கிப் போட்டுத் தலையோடு தலை முட்ட உட்கார்ந்தார்கள். துடைப்பம் விற்க வந்த வியாபாரி துடைப்பத்தைக் கொடுத்துத் தரையைப் பெருக்கச் சொன்னார். வந்திருந்த கோட்டுக்காரர் பெருக்கினார்! சங்கதி பேசும்போது சத்தமாக விலை சொல்ல முடியாததால் பொய்யும் குறைந்தது போலிருக்கிறது. அத்தனை வருடக் கூட்டத்தில் நடக்காத வியாபாரம் அந்தக் காலையில் நடந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகும் அங்கே வர்த்தக நாளில் ஒலிபெருக்கியே வைப்பதில்லையாம்.

மதியம் நெருங்கும்போது குறட்டை நின்றது. ஓட்டல்காரர் கன்னத்தில் மெத்தை உறையின் கோடுகளோடு வெளியே வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து அலறினார். அப்புறம் இடுப்பில் கை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து பார்த்தார். அவர் சொன்னதை மின்னல் அக்காவுக்குச் சொன்னார்:

“இத்தனை வருஷமா மெத்தை வாங்குறாராம். படுத்துப் பாருங்கன்னு சொல்லி ஒருத்தர்கூட அவரைத் தூங்க விட்டதில்லையாம். ஒரு ஓட்டலுக்கு முதல்ல எடுத்துக்கிறாராம். ஆனா தீப் பாதுகாப்புச் சான்றிதழ் வேணுமாம்.”

அக்காவின் முகத்தில் ஏறிய வெளிச்சம் அப்படியே இறங்கியது. “அதைச் சோதிச்சுத் தர்ற இடத்தையே எங்க ஊர்ல மூடிட்டாங்களேம்மா.”

பழைய நாளாக இருந்தால், “ஆவன செய்கிறோம்” என்று சொல்லிக் கையேடு கொடுத்திருப்போம். மின்னல் என்னைப் பார்த்தார். “சார், இந்த ஊர்ல சோதிக்கிற இடம் எங்க இருக்கு?”

அந்த ஊரில் அத்தனை காலம் குப்பை கொட்டியவனுக்கு அதுகூடத் தெரியாதா? தெரியவில்லை! கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து, மறுநாள் காலை மெத்தையில் ஒரு பெரிய துண்டை வெட்டி, நானும் அக்காவும் பேருந்தில் கொண்டுபோனோம். நெரிசலில் நின்றவர்கள் அதன்மேல் சாய்ந்து சாய்ந்து தூங்கியதில் இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது. சோதனைச்சாலையில் துண்டுக்கு நெருப்பு வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே அக்கா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. நெருப்பு ஓரத்தைக் கருக்கியது, யோசித்தது, தானாக அணைந்தது.

“அணைஞ்சிடுச்சு தம்பி,” என்றார் அக்கா. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் அவர் மூன்று முறை சொன்னார்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின வாரம் என் தொலைபேசி அடித்தது. சிலந்திக் குடும்பம் அதற்குள் காலி செய்திருந்தது. மின்னல் வந்தபின் அங்கே மணி ஓய்வதில்லை. மறுமுனையில் ஒரே இரைச்சல்.

“தம்பி! கேக்குதா? ரெண்டாவது மெஷினையும் ஓட விட்டிருக்கேன்! வேற ஊருக்குப் போனவங்கள்ல நாலு பேர் திரும்பி வந்துட்டாங்க. ரொம்ப நன்றி தம்பி!”

“நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும் அக்கா. இத்தனை வருஷத்துல நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை அது.”

“என்ன? சத்தமா சொல்லுங்க!”

அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை கிழியக் கத்தினேன்.