சுவரையும் சேர்த்து

மைத்துனன் தர வேண்டியது நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது. வெல்டிங் மெஷினுக்கு நாற்பத்தோராயிரம், கருப்புக் கண்ணாடிக்கும் கையுறைக்கும் அறுநூறு, அதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போன வண்டிக்கு ஐம்பது. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அந்த மெஷினை வைத்து மைத்துனன் ஊரில் பாதி வீட்டுக்குக் கேட் மாட்டிவிட்டான். பணம் மட்டும் வந்தபாடில்லை. பவுடர் வாய் திறந்து கேட்டதுமில்லை. பெண் கொடுத்த வீடு. கேட்டால் அன்றைக்கே சோற்றில் உப்புக் கூடிவிடும்.

பவுடர் என்பது அவருடைய பெயரல்ல. கட்டட வேலையில் பட்டி பார்க்கிறவர் அவர். பூசிய சுவரில் பட்டி இழுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, வழவழவென்று ஆக்கிப் பெயிண்டுக்குத் தயார் செய்கிற வேலை. தேய்க்கும்போது பறக்கிற வெள்ளைத் தூள் தலை, புருவம், மீசை என்று ஓர் இடம் விடாமல் படியும். முதல் வருடமே பவுடர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது மீசையில் எது தூள், எது நரை என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

அவரிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. பெயிண்ட் அடிப்பதற்காக ஒரு வீட்டைக் காலி செய்தபோது, அந்த வீட்டுக்காரர் இரண்டு நாள் கூலிக்குப் பதிலாகக் கொடுத்தது. சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவர்களை நிற்கவைத்து முகம் எடுப்பார். அவர் எடுத்த படம் இல்லாமல் எந்தக் கூலியாளும் மகளுக்கு மாப்பிள்ளை தேடப் போவதில்லை என்ற அளவுக்குப் பேர் வாங்கியிருந்தார்.

இந்த முறை அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஐந்து மாடி நூலகம். திங்கட்கிழமை டீ நேரத்தில் இன்ஜினியர் அம்மா வந்து நின்றார். கையில் போன், போனில் பவுடர் எடுத்த படங்கள்.

"பவுடர் அண்ணே, இதெல்லாம் நீங்க எடுத்ததுதானே?"

"ஆமாம்மா. வேலை நேரத்துல எடுக்கல," என்றார் பவுடர் அவசரமாக.

"அதைக் கேக்கலண்ணே. திறக்கும்போது வாசல் சுவர்ல, இதைக் கட்டினவங்க படத்தை மாட்டப் போறோம். இருபத்தாறு பேர். ஒவ்வொண்ணும் கதவு உயரம். நல்ல கூலியும் உண்டு. வெளியிலேருந்து ஒரு ஸ்டூடியோக்காரரைப் பேசி வெச்சிருக்கேன். அவர் உங்க கேமராவைப் பத்திக் கேட்டுட்டுச் சிரிக்கிறார். ஆனா எனக்கு உங்க படம்தான் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரே ஒரு படம் காட்டுங்க. அதைப் பார்த்து முடிவு பண்ணிக்கிறேன்."

பவுடர் டீயைக் கீழே வைத்துவிட்டார். இருபத்தைந்து வருடமாக அவர் தேய்த்த சுவரெல்லாம் அடுத்தவர் பெயிண்டுக்கு அடியில் போனவை. இது சுவருக்கு மேலே! சாயங்காலம் குளிக்கக்கூட இல்லை. தூளோடு தூளாகக் கேமராக் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் அவரைப் பார்த்ததும், "சுவருக்கு இங்க ஒண்ணும் இல்லையே," என்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. உள்ளே போய், குழந்தையைத் தூக்கிவருவது போல ஒரு லென்சை ஏந்திக்கொண்டு வந்தார்.

"எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ். முகம் எடுக்கன்னே பொறந்தது. ஒரு கை மாறினது, ஆனா கீறல் கிடையாது. இதோட வாயைப் பாருங்க, எவ்வளவு அகலம்! முழுசாத் திறந்து வெச்சு எடுத்தீங்கன்னா முகம் மட்டும் நிக்கும், பின்னாடி உள்ளதெல்லாம் வெண்ணெயா உருகிடும். அந்த உருக்கத்துக்குத்தான் காசு. உங்களுக்குன்னா நாற்பத்தோராயிரம்."

நாற்பத்தோராயிரம்! பவுடர் மனதுக்குள் துள்ளிக் குதித்தார். மைத்துனன் பணத்தை அளந்து தைத்த சட்டை மாதிரி இருந்தது. மிச்சம் அறுநூற்றைம்பதில் மொத்தப் பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிடலாம்.

"வியாழக்கிழமை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்க," என்றார் கடைக்காரர். "வெள்ளிக்கிழமை கடை மூடுறதுக்குள்ள முடிவு சொல்லிடணும். இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்கார்."

வீட்டுக்கு வந்து மைத்துனனுக்குப் போன் போட்டார். மழை, வெயில், இரும்பு விலை என்று சுற்றிச் சுற்றி வந்தார். அவனே சிரித்துவிட்டான். "மாமா, தலையைச் சுத்தி மூக்கைத் தொடாதீங்க. வெள்ளிக்கிழமை எனக்கு பில் பணம் வருது. உங்க சைட்டுக்குத்தான் படிக்கட்டுக் கைப்பிடி வெல்டு பண்ண வர்றேன். கையிலேயே கொடுத்துடறேன்."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "எந்த வருஷத்து வெள்ளிக்கிழமைன்னு கேட்டுக்கோங்க. என் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை மத்தியானம் முதல் ஆளாகப் பூச்சு அக்காவை நிற்கவைத்தார். ஆண்களே ஏறப் பயப்படுகிற சாரத்தில் நின்று பூசுகிறவள் அவள். நூலகத்தின் படிக்கட்டோடு வளைந்து வளைந்து மூன்று மாடி ஏறும் சுவர் ஒன்று உண்டு. இரண்டு கொத்தனார்கள் பார்த்துவிட்டு, வளைவு சரியாக வராது என்று கைவிட்டது. அக்கா தனியாகப் பூசி முடித்தாள். எங்கே முதல் நாள் நிறுத்தி மறுநாள் தொடங்கினாள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சுவரின் முன்னால்தான் நின்றாள்.

பவுடர் லென்சின் வாயை முழுசாகத் திறந்துவைத்து ஒரு படம் எடுத்தார். திரையைப் பார்த்தவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்காவின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். புருவத்தில் காய்ந்திருந்த ஒரு பொட்டுச் சிமெண்டு தனியாக மின்னியது. கூட்டம் கூடிவிட்டது.

"அடேயப்பா, அக்கா சினிமாவுக்குப் போயிட்டா!"

"பவுடரு, என்னையும் இப்படி எடு. என் பொண்டாட்டி நம்பமாட்டா."

அக்கா மட்டும் கேமராவை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"முகம் நல்லாத்தான் இருக்கு. சுவர் எங்க?"

"பின்னாடி இருக்குக்கா. உருகியிருக்கு. அந்த உருக்கத்துக்குத்தான் இவ்வளவு விலை."

"காசு கொடுத்து என் சுவரை அழிச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"என் முகத்தைக் கண்ணாடியில தினம் பார்க்கிறேன் தம்பி. இந்தச் சுவரை இன்னும் எத்தனை நாள் பார்ப்பேன்? திறந்துட்டாங்கன்னா வாட்ச்மேன் என்னை வாசல்ல வெச்சே என்ன வேணும்னு கேப்பான். படத்துல இது இல்லைன்னா, அங்க மாட்டியிருக்கிறது யாரோ ஒரு பொம்பளை."

சிரிப்பு அடங்கிவிட்டது. தரைக்கல் பதிக்கிறவர், "அப்போ என் தரையும் வேணும்பா," என்றார். கம்பி கட்டுகிறவர், "என் வேலையெல்லாம் தூணுக்கு உள்ள புதைஞ்சு போச்சு. அந்தத் தூணாவது தெரியட்டும்," என்றார்.

பவுடருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு மாதமாக அந்த வளைவுச் சுவரை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தவர் அவர். இதற்குப் பட்டியே தேவையில்லை, பூச்சே போதும் என்று முதலில் சொன்னதும் அவர்தான். அவரே அழித்திருக்கிறார்!

உடனே லென்சின் வாயைச் சுருக்கிப் பார்த்தார். வாய் சுருங்கச் சுருங்கப் பின்னாலிருப்பது துலங்கும். ஆனால் வெளிச்சம் உள்ளே போகாது. படிக்கட்டோ சன்னல் இல்லாத இடம். சுவர் துலங்கியது, படம் இருண்டுவிட்டது. பழைய லென்சை மாட்டி அதன் வாயையும் அதே அளவுக்குச் சுருக்கினார். அதே இருட்டு. இரண்டு படத்தையும் பெரிதாக்கி மாற்றி மாற்றிப் பார்த்தார். எது நாற்பத்தோராயிரம், எது கூலிக்கு வந்தது என்று சொல்ல முடியவில்லை.

குறை லென்சில் இல்லையோ? அந்தச் சந்தேகம் காதில் புகுந்த எறும்பாகக் குடைந்தது. ஆனாலும் வாடகை லென்சைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நாளைக்குச் சொல்றேன்," என்றுதான் சொல்லிவிட்டு வந்தார். ஆசை அவ்வளவு லேசில் விடுகிற சாமானா?

வெள்ளிக்கிழமை மைத்துனன் சொன்ன சொல் தவறாமல் வந்து, காலையிலிருந்து கைப்பிடியை வெல்டு செய்துகொண்டிருந்தான். மத்தியானத்துக்கு மேல், பவுடர் அந்தச் சுவரைக் கடைசியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். பட்டி பார்க்கிறவர்கள் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. விளக்கை நேராகக் காட்டமாட்டார்கள். சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பார்கள். நேர் வெளிச்சத்தில் நல்ல பிள்ளையாக நிற்கிற சுவர், பக்க வெளிச்சத்தில் தன் மேடு பள்ளத்தையெல்லாம் கக்கிவிடும். அக்காவின் சுவர் ஒன்றையும் கக்கவில்லை. வெளிச்சம் அதில் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"மாமா, இந்தாங்க," என்று மைத்துனன் குறுக்கே வந்து நின்றான். கையில் ஒரு கட்டுப் பணம். "நாற்பத்தோராயிரத்து அறுநூறு. ஐம்பதுக்குச் சில்லறை இல்ல, நாளைக்குத் தர்றேன்."

பவுடர் பணத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்து விழுந்த வெளிச்சத்தில், தீப்பொறி சுட்ட தழும்பு கன்னத்தில் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. பின்னால் அவன் வெல்டு வைத்த கைப்பிடி, ஒவ்வொரு முடிச்சும் தெரிய, வளைந்து ஏறிப் போனது. அதற்கும் பின்னால் அக்காவின் சுவர். சுவரில் மேடு குற்றம். முகத்தில் மேடுதானே முகம்!

"அப்படியே நில்லு மாப்ளே. மூச்சு விடாதே!"

"என்ன மாமா, பல்லியா?"

"பேசாதடா!"

விளக்கைச் சாரத்தில் கட்டினார். ஏணிப் படியில் கேமராவை வைத்து அசையாமல் முட்டுக் கொடுத்தார். பழைய லென்ஸ், வாயைச் சுருக்கினார், அழுத்தினார். திரையில் ஆள் இருந்தான், கைப்பிடி இருந்தது, சுவர் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் நிழல் கரியாக அப்பியிருந்தது.

"ஒரு விளக்கு போதாது," என்றார் பவுடர். "நாலு விளக்கு வேணும் மாப்ளே. ஆள் உயரத்துக்கு ஒரு சட்டம், அதுல வெள்ளைத் துணி கட்டணும், துணிக்குப் பின்னாடி விளக்கு. தள்ளிட்டுப் போகக் கீழ சக்கரம். முடியுமா?"

மைத்துனன் நெற்றியில் கிடந்த கருப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அவன் கண்ணும் மின்னியது. "வெட்டி எறிஞ்ச பைப்பு பட்டறையில மலையாக் கிடக்கு. பழைய தள்ளுவண்டிச் சக்கரம் இருக்கு. விளக்கை மட்டும் நீங்க வாங்கிக் கொடுங்க. காலையில நிக்கும். மாமா, மேலேயும் கீழேயும் திருப்புற மாதிரி ஒரு கீல் வைக்கட்டுமா?"

"வைடா, வை!"

கடைக்காரர் போன் செய்தபோது பவுடர் விளக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் கட்டுப் பணம் நெஞ்சோடு ஒட்டிச் சுட்டது.

"என்ன முடிவு? மூடப் போறேன்."

ஒரு கணம் அந்தக் கண்ணாடி வாய் கண்முன் பளபளத்தது. பவுடர் முன்னாலிருந்த விளக்குகளைப் பார்த்தார். "அந்த இன்னொருத்தருக்கே கொடுத்துடுங்க அண்ணே. எனக்கு இப்போ வெளிச்சம்தான் பத்தலை."

விளக்குக்குப் போக மிச்சத்தை மனைவியிடம் கொடுத்தார். அவள் இரண்டு முறை எண்ணிவிட்டு, "இந்த வருஷத்து வெள்ளிக்கிழமைதான் போல," என்றாள்.

சனிக்கிழமை எட்டரை மணிக்கு வாடகை வண்டியில் வந்து இறங்கியது அந்தச் சட்டம். பார்க்கக் கட்டிலை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார் தரைக்கல்காரர். துணிக்குப் பின்னால் நாலு விளக்கும் எரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். படிக்கட்டு முழுக்க விடிந்தது மாதிரி ஆகிவிட்டது.

அக்கா வந்து தன் சுவருக்கு முன்னால் நின்றாள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துக்கொண்டாள், யாரும் சொல்லவில்லை. பவுடர் சட்டத்தை இழுத்துப் பக்கவாட்டில் நிறுத்தினார், கீலைத் திருப்பினார், ஏணியில் கேமராவைச் சாய்த்தார்.

பத்து மணிக்கு இன்ஜினியர் அம்மா வந்து படத்தைப் பெரிதாக்கினார். புருவத்துச் சிமெண்டு, கைச் சுருக்கம், கைக்குக் கீழே வளைந்து ஏறுகிற சுவர். கேமராவைப் பவுடரிடம் கொடுத்துவிட்டு நேராகப் படிக்கட்டுக்குப் போனார். இத்தனை மாதமாகத் தினம் இருபது முறை ஏறி இறங்கிய படிக்கட்டு. சுவரில் கையை வைத்துத் தடவிக்கொண்டே ஒரு மாடி ஏறினார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "இதுல இணைப்பு எங்க இருக்கு அக்கா?"

"தேடுங்க," என்றாள் அக்கா.

இறங்கி வந்த இன்ஜினியர் அம்மா, "இருபத்தாறு பேரும் இப்படியேதான் வேணும் பவுடர் அண்ணே. பின்னாடி இருக்கிறதோட சேர்த்து," என்று சொல்லிவிட்டு, ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டபடியே போனார்.

பவுடர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை. மீசையிலிருந்து தூள் உதிர்ந்தது. அதற்குள் கம்பி கட்டுகிறவர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அடுத்து நான்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வாசலில் வண்டிக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "வாடகை யாருப்பா கொடுக்கிறது?"

பவுடர் சட்டைப் பையில் கையை விட்டார். மைத்துனன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எவ்வளவு?" என்று கேட்டான் வண்டிக்காரரிடம்.

"ஐம்பது."

எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய மைத்துனன், இரண்டு கையையும் தட்டி உதறிக் காட்டினான். "தீர்ந்துச்சு மாமா. இனிமே வீட்டுல எங்க அக்கா முன்னாடி என்னைக் கடன்காரன்னு யாரும் பார்க்க முடியாது."

"தீர்ந்துச்சு மாப்ளே," என்றார் பவுடர். "போய்த் தூணுக்கு அந்தப் பக்கம் சட்டத்தைத் தள்ளு."