பையில் சேராத பத்திரம்

"மொதல்ல இந்தக் கருமத்தை என் கண்ணு முன்னாடியிருந்து எடு" என்று கணவனின் அண்ணன் பையைக் காலால் எத்தியபோது, அவள் தகனத்துக்கான அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பை சாய்ந்து விழுந்தது. அவள் கையெழுத்தை முடித்துவிட்டுத்தான் குனிந்து அதை நிமிர்த்தி வைத்தாள்.

மேசைக்கு எதிரே இருந்த பெண் கணவனின் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். வந்தது. குடியிருப்பு அட்டை, திருமணச் சான்றிதழ், காப்பீட்டுத் தாள் என்று கேட்கக் கேட்க எல்லாம் பையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவருவதில்லை என்று அந்தப் பெண் தன் மொழியில் சொல்லிச் சிரித்தாள். நேற்று விமானத்தில் வந்து இறங்கிய அண்ணனுக்கு அந்த மொழி தெரியாது. சிரிப்பு புரிந்தது.

"பாத்தியாம்மா, புருஷன் சாகறதுக்கே எல்லாத்தையும் ரெடியா எடுத்து வச்சிருக்கா உன் மருமக."

பூச்சாடியில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள்ளிருந்து மாமியாரின் அழுகை பெரிதாகக் கேட்டது. இறந்தவனோடு லிஃப்ட் பழுதுபார்த்தவர்கள் மூன்று பேர் சுவரோரம் நின்றபடி தங்கள் ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அந்தக் குடும்பத்தில் பேப்பர்க்காரி என்று பெயர். வைத்தது இந்த அண்ணன்தான். அவர்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எதிர்வீடு தீப்பிடித்து எரிந்தது. அந்த வீட்டுப் பெண் நைட்டியோடு தெருவில் நின்றாள். பிறகு வெகுகாலம், தான் யார், தன் பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்பதை நிரூபிக்க ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். அதைப் பார்த்தபிறகு இவள் தண்ணீர் புகாத பை ஒன்று வாங்கினாள். எல்லாத் தாளையும் படம் எடுத்து, ஒரு பிரதியை ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்பினாள். வங்கிக்கணக்கு விவரங்களைக் கணவனுக்கும் மனப்பாடம் செய்யவைத்தாள்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னையும் ஒரு கவர்ல போட்டு மேல பேர் எழுதி வச்சிருவா" என்று அவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

பைக்குள் வராமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஊரில் அப்பாவின் வீட்டை விற்கத் தம்பியின் ஒப்புதல் வேண்டும் என்பதால், அதிகாரப் பத்திரம் தயார் செய்ய அண்ணன் மூலப்பத்திரத்தையே ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே ஒரு கட்டளையும் வந்தது: "உன் பொண்டாட்டி கை இதுல படக்கூடாது." அவன் அதை அலமாரியின் மேல்தட்டில், ஸ்வெட்டர்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினான். படம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோது, "விடு, அண்ணன் கோவிச்சுக்கும்" என்றான். அதோடு அவளும் விட்டுவிட்டாள்.

வெள்ளம் வந்த அன்று, ஆற்றங்கரையில் அபாயச் சங்கு ஊதியதும் அவளும் அவனும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் மாடிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அப்போதுதான் அவனுக்குப் போன் வந்தது. அண்ணன் போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவார். பக்கத்திலிருந்தவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"பத்திரத்தை எடுத்துட்டியா? அலமாரியிலயே விட்டுட்டு வந்தியா? அறிவிருக்காடா உனக்கு? கணுக்கால் தண்ணிதானே, ஒரு எட்டு போய் எடுத்துட்டு வா."

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "போகாதீங்க. அதுக்கு நகல் வாங்கிக்கலாம்."

"இதோ வந்துட்டேன்" என்றான்.

அவன் தெருமுனை திரும்பிய சற்று நேரத்துக்கெல்லாம் கரை உடைந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குள், பேப்பர்க்காரி புருஷனைப் பேப்பர் எடுக்க அனுப்பிவிட்டாள் என்ற பேச்சு ஊர்வரை போய்விட்டது. அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் அந்தப் பேச்சு பொருந்தியும் போனது.

மேசைப் பெண் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் குரல் தணிந்தது.

"அவன் கெடைச்சப்ப... கூட ஏதாவது கெடைச்சுதா?"

"மோதிரம். போன்."

"அது இல்ல. ஏதாவது பேப்பர் மாதிரி..."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தப் பேப்பர், அத்தான்?"

"மெதுவா பேசு."

"நான்தானே அவரைப் பேப்பருக்கு அனுப்பினேன்? நேத்திலேருந்து வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்றீங்க. எந்தப் பேப்பர்னும் நீங்களே சொல்லிடுங்க. அத்தையும் கேக்கட்டும்."

போனில் அழுகை நின்றது.

"என்னடா பேப்பரு?" என்றது மாமியாரின் குரல். "பெரியவனே, என்ன பேப்பரு?"

"ஒண்ணுமில்லம்மா. இங்க டவர் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்." அவர் எழுந்துபோய் இணைப்பைத் துண்டித்தார். துண்டித்த பிறகும் போனை விடாமல் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார்.

அவள் மறுபக்கத்து நாற்காலியிலிருந்த, மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகியிருந்தன. முத்திரையின் மை பரவி, எழுத்தென்று எதுவும் மிச்சமில்லை.

"சட்டைக்குள்ள வச்சு கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருந்தாராம். ரெண்டு கையாலயும் இதைத்தான் அணைச்சுப் பிடிச்சிருந்தாராம். நீச்சல் தெரிஞ்ச மனுஷன்."

அவர் உறையை எட்டிப் பார்த்தார்.

"பதிவு ஆபீஸ்ல மனு போட்டா இதுக்கு நகல் தர்றாங்க. உங்க வீட்டு வாசல்ல பஸ் ஏறினா அந்த ஆபீஸ் வாசல்லயே எறங்கலாம். அன்னைக்கே சொன்னேன். உங்க தம்பி கேக்கல."

"ஒரிஜினல் இல்லன்னா வாங்கறவன் ஒத்துக்க..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"இந்தாங்க, ஒரிஜினல்."

அவர் வாங்கிக்கொண்டார். உறை எங்கோ கிழிந்திருக்க வேண்டும். பழுப்புத் தண்ணீர் சொட்டி அவருடைய வெளிர்நிறக் கால்சட்டையில் பரவியது.

உள்கதவு திறந்தது. பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அங்கிருந்து அடுத்த அறை வரை வேண்டியவர்கள் தூக்கிப் போவது அந்த இடத்தின் ஏற்பாடு. லிஃப்ட்காரர்கள் மூவரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்தில் ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள்.

"அண்ணே, வாங்க" என்றார் அவர்களில் மூத்தவர்.

அண்ணன் கையிலிருந்ததை வைக்க இடம் தேடினார். மேசை முழுக்கப் பூ. நாற்காலிகளெல்லாம் வெள்ளை உறை போட்டவை. கடைசியில் அவளைப் பார்த்தார். அவள் கை நீட்டவில்லை.

கைக்கடிகாரத்தை மணிக்கட்டுக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அவளே போய் அந்தக் கைப்பிடியைப் பிடித்தாள். லிஃப்ட்காரர் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, "தூக்கலாமா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள்.

பளிங்குத் தரையில் அவர்கள் மெல்ல நடந்தார்கள். பின்னால் அண்ணன் வந்தார். அவர் வந்த வழியெல்லாம் சேற்றுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தரை துடைக்கும் பெண் ஒருத்தி, எல்லோரும் கடந்து போகட்டும் என்று துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரோடு ஒதுங்கி நின்றாள்.