மூத்தவன் கட்டிக்கொடுத்த பல்

தேகு நகரத்தில் வயதான அப்பாவுக்குப் பிள்ளைகள் செய்யும் கடமைகளில் இப்போது தலையாயது, தாடை எலும்பில் திருகாணி இறக்கி இம்ப்ளான்ட் பல் கட்டிக்கொடுப்பதுதான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற தாக் தோக்பேவின் வாயில் அப்படி மூன்று கடமைகள் நிறைவேறியிருந்தன. கீழே வலப்பக்கம் மூத்தவன் பியோங்சு கட்டியது, இடப்பக்கம் மகள் மிராங் கட்டியது, மேலே சின்னவன் சோங்வான் கட்டியது. முன்பின் தெரியாதவர்களிடம்கூட வாயைத் திறந்து, எது யார் கொடுத்தது என்று காட்டுவார். மனிதருக்கு அவ்வளவு பெருமை.

சூசோக் அறுவடைப் பண்டிகை நெருங்கும் நேரம் பார்த்து, மூத்தவன் பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் கட்டியது. பல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். அழுக்குச் சேர்ந்து கிருமி இறங்கி, திருகாணியைப் பிடித்திருக்கும் எலும்பே கரைந்துவிட்டது, பண்டிகை முடிந்ததும் கழற்றியாக வேண்டும் என்றார்.

தோக்பேவுக்குக் கவலை மூத்தவனைப் பற்றித்தான். தம்பி தங்கை கொடுத்த பல் கல்லு மாதிரி நிற்க, தன் பல் மட்டும் போனால் மூத்தவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்? பண்டிகையும் அதுவுமாக வீடு இரண்டுபட்டுவிடும். யோசித்து ஒரு வழி சொன்னார்.

"மத்த ரெண்டையும் சேர்த்துப் புடுங்கிடுங்க டாக்டர். யாருக்கும் மனத்தாங்கல் வராது."

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பண்டிகைச் சாப்பாட்டில் விலா எலும்புக் கறியை அவர் இடப்பக்கமாகவே மென்றார். எத்தனை நேரம் மறைக்க முடியும்? மிராங் பக்கம் மட்டும் ஏன் என்று பியோங்சு கேட்க, நல்ல பல்லில்தானே மெல்ல முடியும் என்று மிராங் சிரித்தாள். அவ்வளவுதான், மூன்று பேரும் செல்போன் விளக்கோடு அப்பாவின் வாயை முற்றுகையிட்டார்கள். சீழைப் பார்த்துவிட்டுச் சின்னவன், மலிவாகப் பார்த்துப் போட்டால் இப்படித்தான் என்று முணுமுணுத்தான்.

பியோங்சுவின் முகம் கறுத்துப்போயிற்று. "என் பல்லை மட்டும் ஒழுங்கா தேய்க்கலையாப்பா?"

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார் அந்த அப்பாவி.

"தேய்க்கவே இல்லடா. மூத்த புள்ள கட்டிக்குடுத்தது, தேஞ்சிடக் கூடாதேன்னு பிரஷ்ஷே படவிடல. மத்த ரெண்டைத்தான் தினம் போட்டுத் தேய்ப்பேன்."

பியோங்சு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதான். குடும்பம் பிழைத்தது என்று தோக்பேவும் சேர்ந்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது சின்னவன் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். மிராங் கையில் கோட்டோடு நின்றாள்.

"அப்போ எங்க பல்லு தேஞ்சா பரவால்ல, அப்படித்தானேப்பா?"